வாரேன்னு சொன்ன பிள்ளை

பதினெட்டாவது பேப்பரிலும் விதிதான் கொன்றிருந்தது. சண்முகவடிவு சிவப்புப் பேனாவை மூடாமலே மேசைமேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். காலையிலிருந்து இதே கதைதான். பகை பிடித்த இரண்டு வீடுகள், அந்த வீடுகளில் ஒரு பையன், ஒரு பெண், நடுவில் நல்லது செய்யப் போய்க் கெடுத்த ஒரு பாதிரியார், போய்ச் சேராத ஒரு கடிதம், அவள் கண் விழிப்பதற்குள் அவன் குடித்துவிட்ட விஷம். நானூறு வருஷமாக மேடையில் செத்துக்கொண்டிருக்கிற அந்த இரண்டு பிள்ளைகளையும் பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். பதினைந்து மதிப்பெண் கேள்வி: தங்கள் சாவுக்குக் காதலர்கள் தாங்களே எவ்வளவு தூரம் பொறுப்பு? எவ்வளவு தூரமாம், டிக்கெட் எடுக்கப் போகிற மாதிரி. விடைக்குறிப்பில் அதற்கும் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். விதிக்கு நான்கு, வீட்டுப் பகைக்கு நான்கு, அவசர புத்திக்கு மூன்று, தற்செயலுக்கு இரண்டு, மேற்கோளுக்கும் நடைக்கும் சேர்த்து இரண்டு. பிள்ளைகளும் சமர்த்தாக நான்கு பக்கம் விதியைப் பற்றி எழுதியிருந்தார்கள். பாளையங்கோட்டை மே மாத வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து விடைத்தாள்களின்மேல் விழுந்தது. மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. மணி இரண்டே கால். ஐந்து மணிக்குத் திருத்தும் முகாம் முடியும். பக்கத்தில், கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், ஞானதுரையின் தங்கை உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள்.

ஞானதுரையின் தங்கை. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே பார்த்துவிட்டாள். எஸ்தர் தேவசகாயம், ஆசீர்புரம். ஞானதுரையின் அப்பா பெயர், ஞானதுரையின் ஊர். இரண்டு நாளாக வேறு அறையில் இருந்தவளை, இந்த மேசையில் ஆள் குறைகிறது என்று இன்றைக்குத்தான் மாற்றிப் போட்டிருந்தார்கள். நாற்பத்தாறு வயதிருக்கும். அண்ணனுக்கிருந்த அதே அகன்ற தாடை, சிரித்தால் கண் காணாமல் போகிற அதே முகம். சிரிக்கவும் செய்தாள், பதினோரு மணிக்கு, ஒரு பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு. ஆங்கிலத்தில் விதி என்ற சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிட்டால் அது கொழுப்பு என்றாகிவிடும். ஒரு பையன் நான்கு பக்கத்திலும் விடாமல் அந்த எழுத்தை விட்டிருந்தான். காதலர்கள் கொழுப்பின் கைப்பாவைகள், கொழுப்பு அவர்களை விடாமல் துரத்தியது, கடைசியில் கொழுப்பே வென்றது. "மேடம், இவன் ஒருத்தன்தான் உள்ளதை உள்ளபடி எழுதிருக்கான்" என்று எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தாள். சண்முகவடிவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் எஸ்தரின் சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க அப்பாவும் எங்க அண்ணனை இதைத்தான் சொன்னாங்க. கொழுப்புன்னு" என்றாள். கேட்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், தலையைக் குனிந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டே. "எனக்கு அப்பப் பதிமூணு வயசு மேடம். அண்ணன் எம்.ஏ. முடிச்சிட்டு இருந்தான். ஒரு பிள்ளைகூடப் பழக்கம். யாரு, என்ன ஆளு, எந்த ஊரு, ஒண்ணும் சொல்லல. ஒரு திங்கக்கிழமை காலையில பையைத் தூக்கிட்டுப் போனான். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தான். அப்பா அடிச்சு உலுக்கிக் கேட்டாங்க. 'ஒரு பிள்ளை வாரேன்னு சொன்னா, வரல'ன்னான். அவ்வளவுதான் அவன் வாயிலேருந்து வந்துது. 'போலே கிறுக்குப்பயலே, உங்கிட்ட எந்தப் பிள்ளை வாரேன்னு சொல்லும்? நீயா நெனச்சுக்கிட்ட'ன்னாங்க அப்பா. தெருவே கேட்டுச்சு. மறுநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது பூச்சி மருந்தைக் குடிச்சிட்டான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம் அவள். நிறுத்தவில்லை. "ஊர்ல இன்னைக்கும் கிறுக்கன் துரைன்னுதான் சொல்லுதாங்க. நடக்காததை நடந்ததா நெனச்சு உயிரை விட்டவனாம். அப்பாவுக்கு இப்ப எண்பத்து மூணு. எம் பேரே சில நாள் மறந்துருது. இது மட்டும் மறக்கல. 'எஸ்தரு, அந்தப் பிள்ளை நெசமாவே சொல்லிருக்குமோ? அவன் கிறுக்கன் இல்லையோ?' ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்ல? சொல்லலைன்னா எங்க அண்ணன் கிறுக்கன். சொல்லியிருந்தா எங்க அப்பா பாவி. எதை வச்சுக்கிட எதை விட?" பிறகு நிமிர்ந்து, எந்த வஞ்சகமும் இல்லாத கண்ணால் பார்த்து, "நீங்களும் அந்த வருஷத்து எம்.ஏ.தானே மேடம், இங்கதானே படிச்சீங்க. அப்படி ஒரு பிள்ளையைப் பத்தி எதுவும் கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். "தெரியலையே" என்றாள் சண்முகவடிவு. அவ்வளவு சுலபமாக வந்தது அது. முப்பத்து மூன்று வருஷம் பழகின வாய் அல்லவா, யோசிக்கக்கூட இல்லை. எஸ்தர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி திருத்தத் தொடங்கினாள். நாளையிலிருந்து அவளுக்கு மதுரையில் வேலை. ஐந்து மணிக்கு மேல் இந்தத் தாடையை, இந்தக் கண்ணை, இந்தக் கேள்வியைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தால் போதும். வேறு யாருக்கும் தெரியாது. அவன் என் பெயரைச் சொல்லவில்லையாமே. அடித்துக் கேட்டும் சொல்லவில்லையாமே. பாவி, என் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று உன் பெயரைக் கிறுக்கன் என்று ஆக்கிக்கொண்டாயே.

பத்தொன்பதாவது பேப்பர். எழுத்து குண்டு குண்டாக இருந்தது. பெண்பிள்ளை எழுத்து. 'அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் அவர்கள் வாழ்ந்திருப்பார்கள்.' ஆமாம் கண்ணு, போய்ச் சேர்ந்திருந்தால். அவர்களுக்குக் கடிதமாவது எழுதப்பட்டது. இங்கே எழுதவே இல்லையே. ஒரு வார்த்தைதான். வியாழக்கிழமை சாயங்காலம், பல்கலைக்கழக வாசல் பஸ் நிறுத்தம், மழை வரப் பார்த்து வராமல் போன புழுக்கம், அவன் சட்டைக் காலரில் வியர்வை. "திங்கக்கிழமை காலையில ஏழு மணி. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல நாகர்கோவில் வண்டி நிக்கிற இடம். அங்க நம்ம சிநேகிதன் வக்கீல்ட்ட பதிவுக் கல்யாணத்துக்கு எல்லாம் பேசி வச்சிருக்கான். ஒரு பை மட்டும் எடுத்துக்கோ. வருவியா வடிவு?" அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். அப்பாவின் முகம் வந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற அக்காவின் முகம் வந்தது. அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையன் என்பதும், தெருவில் என்ன பேசுவார்கள் என்பதும், கோயிலில் இனிமேல் தங்கள் வீட்டுக்கு யார் முதல் திருநீறு தருவார்கள் என்கிற மாதிரி ஒன்றுக்கும் உதவாத ஒரு நினைப்பும் வந்தது. பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. ஏறும்போது திரும்பிப் பார்த்து, "வாரேன்" என்றாள். யாரும் போறேன் என்று சொல்வதில்லையே. எழவு வீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் வாரேன் என்றுதானே சொல்ல வேண்டும். பால்காரரிடம் வாரேன், டாக்டரிடம் வாரேன், பிடிக்காத மாமியார் வீட்டிலும் வாசலில் நின்று வாரேன். அது வருகிற வார்த்தையா? அது போகிற வார்த்தை. அவள் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னாள், அவன் திங்கட்கிழமை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டான். தமிழில் அப்படி ஒரு கோளாறு. அவள் என்ன செய்வாள்? இந்தக் கோளாற்றைத்தான் முப்பத்து மூன்று வருஷமாகத் தாயத்து மாதிரி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாள். கல்யாண மேடையில், பிரசவ அறையில், மகனை பெங்களூருக்கு ரயிலேற்றிவிட்ட பிளாட்பாரத்தில், கை தானாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். நான் சொன்னது அந்த அர்த்தத்தில் இல்லை. மதிப்பெண் போட வேண்டுமே. கடிதத்தைக் குறை சொன்ன பெண்ணுக்குப் பதினொன்று போட்டாள்.

விசித்திரம் என்னவென்றால் இதே கேள்வியை அன்றைக்கு வகுப்பில் கேட்டார்கள். இதே நாடகம், இதே கேள்வி, எம்.ஏ. முதல் வருஷம். பேராசிரியர் சுண்ணாம்புக் கட்டியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே, "யார்மேல தப்பு, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். ஆளுக்கொன்று சொன்னார்கள். வீடு, காலம், பாதிரியார். சண்முகவடிவு எழுந்து, கடிதம் சார், என்றாள். அவள் எப்போதும் கடிதத்தின் பக்கம்தான். ஞானதுரை கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான். "அவங்கமேலதான் சார் தப்பு" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "விதின்னு சொல்லிட்டோம்னா அவங்க ரெண்டு பேரும் பொம்மை ஆயிருவாங்க சார். பொம்மை செத்தா யார் அழுவா? அவங்களாத் தேர்ந்தெடுத்தாங்க, அவங்களாத் தப்புப் பண்ணினாங்க. அந்தப் பழியை அவங்ககிட்டேருந்து பிடுங்கிட்டா அந்தக் காதலையும் பிடுங்கின மாதிரிதான்." பேராசிரியர் சுண்ணாம்புக் கட்டியை உருட்டுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். சண்முகவடிவுக்கு அன்றைக்குத்தான் அவன்மேல் மனது போனது. தலை வாராமல் வருகிற, கைலியைத் தவிர எதிலும் சவுகரியமாக இல்லாத ஒரு ஆசீர்புரத்து வாத்தியார் மகன்மேல். அப்படிப் பேசின வாய்தான் கடைசியில் அப்பாவிடம் ஒரே ஒரு வரி சொன்னது. பெரிய பேச்செல்லாம் வகுப்பில்தான் வரும் போலிருக்கிறது. வீட்டில், அடி விழுகிற நேரத்தில், ஒரு பிள்ளை வாரேன்னு சொன்னா, வரல. அவ்வளவுதான் வரும். அதையும் யாரும் நம்பவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று பகல். தாயத்துக்கு அடியில் இந்த மூன்று பகலும் கிடந்து அரிக்கும். சரி, வார்த்தை தப்பாகப் போய்விட்டது. தப்பாகப் போனது என்று தெரிந்தால் திருப்பிச் சொல்லி அனுப்ப வழியா இல்லை? உடன்படித்த மரகதம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள். அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்திருந்தால் சனிக்கிழமை நூலகத்தில் அவன் கையில் சேர்த்திருப்பாள். நான்கு சொல்கூட வேண்டாம், வரமாட்டேன் என்று ஒரு சொல். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். சனிக்கிழமை அக்காவைப் பெண்பார்க்க வந்தவர்களுக்குக் கேசரி கிண்டினாள், முந்திரிப்பருப்பை அவளே நெய்யில் வறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தாள். பயந்து அழுதுகொண்டு கிடந்தாள் என்று நினைத்துக்கொள்ள அவளுக்கும் ஆசைதான். கிடக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டாள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வானொலியில் செய்தி வாசித்தார்கள். அவள் அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா, "என்னட்டி, இப்படிக் கண்ணுல தண்ணி" என்றாள். வெங்காயம்மா, என்றாள். அது பொய்கூட இல்லை. எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. ஒன்பதுக்கு மேல் போயிருப்பான் என்று நினைத்தாள். பத்து மணிக்குக் கட்டாயம் போயிருப்பான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கண் தூங்கினாள். தூங்கினாளே. அவன் பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயே நின்றிருக்கிறான் என்று இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது. முப்பத்து மூன்று வருஷமாக அவனை ஒன்பது மணிக்கே வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தாள் மனதுக்குள். பத்து மணி நேரமா? ஒவ்வொரு டவுன் பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டா?

"டீ மேடம்" என்று எஸ்தர் ஒரு காகிதக் கோப்பையை முன்னால் வைத்தாள். இன்னொரு கையில் இரண்டு பருப்புவடை, செய்தித்தாளில் சுருட்டி. மூன்றரை. "என்ன மேடம், முகமே ஒரு மாதிரி இருக்கு. சக்கரை ஏதும் இறங்குதா? ஒரு வடை சாப்பிடுங்க." சண்முகவடிவு வடையை வாங்கிக்கொண்டாள். ஒண்ணுமில்லை, வெயில், என்றாள். எஸ்தர் வராந்தாவுக்குப் போய்க் கைபேசியில் பேசினாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. "அப்பா, மாத்திரை போட்டாச்சா? நீலக் கலர் இல்லப்பா, வெள்ளை. … ஆமா, பாளையங்கோட்டையிலதான். … அண்ணனா? அண்ணன் இல்லப்பா. நான் எஸ்தர் பேசுதேன்." அந்தப் பக்கம் அந்தக் கேள்விதான் வந்திருக்க வேண்டும். பிறகு, "கேக்கேன்ப்பா, கேக்கேன். யார்ட்டயாவது கேக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைத்ததை மறைக்கவும் இல்லை. இப்போது சொல்லிவிடலாம். சண்முகவடிவு வாயைத் திறந்தாள். "வடை நல்லா இருக்கு" என்றாள். சொல்லி முடித்ததும் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. சொன்னால் மட்டும் என்ன ஆகப் போகிறது? அந்தக் கிழவருக்கு மகன் கிறுக்கன் இல்லை என்று தெரியும், கூடவே உண்மையைச் சொன்னவனைத் திட்டிச் சாகவிட்ட பாவி தான் என்றும் தெரியும். எண்பத்து மூன்று வயதில் அதைச் சுமக்க வேண்டுமா? சொல்லாமல் இருப்பது அவருக்குச் செய்கிற தர்மம் இல்லையா? இருபத்து மூன்றாவது பேப்பரை எடுத்தாள். தர்மமாம். எவ்வளவு அழகாக வருகிறது ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல பெயர். அன்றைக்கு அக்கா கல்யாணம், இன்றைக்குக் கிழவர் நிம்மதி.

மேசையில் விடைக்குறிப்பு கிடந்தது. பதினைந்தைப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள், மனதுக்குள். தேவசகாயம் வாத்தியாருக்கு ஐந்து, அந்த ஒரு வாக்கியத்துக்காக. மதத்துக்கும் தெருவுக்கும் அப்பாவுக்கும் சேர்த்து மூன்று. ஞானதுரைக்கு நான்கு. ஆமாம், அவனுக்கும்தான். ஒரு நாள் ஒருத்தி வரவில்லை என்றால் உயிரை விடுவதா? வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டிருக்கக் கூடாதா, ஏன் வரல என்று? கேட்டிருந்தால் ஓடிப்போயிருப்பேனோ என்னவோ. அவசர புத்திக்காரா, உனக்கு நான்கு இல்லை, ஐந்து. கோபம் கோபமாக வந்தது அவன்மேல். அப்புறம் தமிழுக்கு ஒரு மதிப்பெண், அந்தக் கோளாறு பிடித்த சொல்லுக்கு. மீதி அவளுக்கு. கூட்டினால் பதினைந்துதான், ஆனாலும் கணக்கு சரியாகப் படவில்லை. ஒவ்வொருவருக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள், அவளுடைய பங்கு எங்கோ இடித்தது. எங்கே இடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு அவள் போவதில்லை. பஸ்ஸில் ஏறி, வாரேன் என்று சொல்லி, அதோடு அந்த நினைவை நிறுத்திக்கொள்வாள், திரை விழுந்த மாதிரி. ஆனால் பஸ் உடனே கிளம்பவில்லை. யாரோ ஒரு அம்மாள் கூடையை ஏற்றினாள். கண்டக்டர் சத்தம் போட்டார். சண்முகவடிவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியே பார்த்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். கண் காணாமல் போகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் இவனைப் பார்த்துத் தானும் சிரித்தார். சண்முகவடிவு அதைப் பார்த்தாள். முழுதாகப் பார்த்தாள். அவன் எப்படி எடுத்துக்கொண்டான் என்று அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது. இறங்கியிருக்கலாம். தலையை வெளியே நீட்டி, இல்ல துரை, என்று கத்தியிருக்கலாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்திருக்கலாம். அவள் என்ன செய்தாள்? கையை ஆட்டினாள். சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். ஏனென்றால் அந்தச் சந்தோஷத்தைக் கலைக்கிற முகம் தன் முகமாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை அவனாகத் தெரிந்துகொள்ளட்டும், நான் அங்கே இருக்க மாட்டேன். அவ்வளவு சின்ன எண்ணம் அது. அதற்கு விதி என்று பெயர் வைக்க முடியாது.

நான்கே முக்காலுக்குக் கட்டுகளைக் கட்டி ஒப்படைத்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன, எல்லோரும் பையைத் தூக்கினார்கள். அறை காலியானது. எஸ்தர் தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள் திணித்துக்கொண்டே, "வாரேன் மேடம்" என்றாள். சண்முகவடிவு பதிலுக்குச் சரி என்று சொல்லவில்லை. "உக்காருங்க எஸ்தர்" என்றாள். குரல் தன் குரல் மாதிரியே இல்லை. "காலையில நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். அந்தப் பிள்ளை சொன்னா. வாரேன்னுதான் சொன்னா. வியாழக்கிழமை சாயங்காலம், பஸ்ல ஏறும்போது. நான்தான் அது." வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். எஸ்தர் உட்காரவில்லை, நிற்கவும் இல்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதியில் குனிந்திருந்தாள். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட சண்முகவடிவு எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எஸ்தர் நெடுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள், நரைத்த தலையைப் பார்த்தாள், விரலில் ஒட்டியிருந்த சிவப்பு மையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு இரக்கம் வந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "பஸ்ல ஏறும்போதுன்னா …" என்று மெதுவாக ஆரம்பித்தாள். "எல்லாரும் சொல்லுத மாதிரி, போயிட்டு வாரேன்னு சொல்லிருப்பீங்க. அவன்தான் தப்பா எடுத்துக்கிட்டான், இல்லையா மேடம்? நீங்க சின்னப் பிள்ளை. உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பாட்டயும் அப்படியே சொல்லிருதேன். ரெண்டு பேர்மேலயும் தப்பு இல்ல, வார்த்தைதான் மாறிப் போச்சுன்னு." எல்லோருக்கும் இடம் இருந்தது அந்தப் பதிலில். கிழவர் பாவி இல்லை, எஸ்தர் ஊருக்குப் போகலாம், சண்முகவடிவு வீட்டுக்குப் போகலாம். முப்பத்து மூன்று வருஷமாக அவள் தனியாகச் சொல்லிக்கொண்டதை, சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் இன்றைக்கு அவள் கையில் வைத்துத் தந்தாள். ஆமாம் என்று தலையசைத்தால் போதும். ஞானதுரைக்கு மட்டும்தான் அதில் இடம் இல்லை. அவன் மறுபடியும் சொல்லாததைக் கேட்டவன் ஆவான்.

"இல்ல எஸ்தர்" என்றாள் சண்முகவடிவு. "அவர் தப்பா எடுத்துக்கல. அவர் எப்படி எடுத்துக்கிட்டார்னு பஸ் ஜன்னல்லேருந்து பாத்தேன். தெரிஞ்சேதான் கையை ஆட்டினேன். தெரிஞ்சேதான் மூணு நாள் வீட்ல இருந்தேன். வரமாட்டேன்னு சொல்லப் பயம். வரவும் பயம்." அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வந்தது, அதை விழுங்கினாள். கேட்டால் தர வேண்டிய சுமையும் இந்தப் பெண் தலையில்தான் விழும். எஸ்தர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். அவள் கண்ணில் இருந்த இரக்கம் போய்விட்டது. வேறு ஏதோ, பெயர் தெரியாத ஒன்று, அங்கே வந்திருந்தது. அது திரும்பப் போகாது என்று சண்முகவடிவுக்குத் தெரிந்தது.

"அப்ப எங்க அண்ணன் கிறுக்கன் இல்ல" என்றாள் எஸ்தர்.

"இல்ல."